பட்டன் கழன்று வந்த 9 டயர்கள்: மணலி வட்டார ரீட்ரெடிங் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வடகிழக்குப் பருவமழை பிடித்த ஆறு வாரத்தில் 9 டயர்கள், தேய்ந்த டயருக்கு மறுபட்டன் போடும் ரீட்ரெடிங் பட்டறைக்குத் திரும்பி வந்தன. அத்தனையும் கண்டெய்னர் டிரெய்லர்களில் ஓடியவை. பழைய கேசிங் (டயரின் உடல்) மேல் ஒட்டியிருந்த புதுப் பட்டன் (தரையில் படும் ரப்பர்ப் பட்டை) ஏழு டயர்களில் வாய் பிளந்திருந்தது. இரண்டில் முழுச் சுற்றும் உரிந்து சாலையிலேயே போய்விட்டது. ஒரு லாரி டயரின் பட்டன் பட்டை எட்டு, ஒன்பது கிலோ இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் பைக்கில் வருபவர் மேல் அது பறந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்த 9 டயர்களையும் அறுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

அதே ஆறு வாரத்தில், சேம்பர் என்ற சூட்டு அழுத்த அறையில் 22 சுற்றுகளாக வெந்து 214 டயர்கள் வெளியே போயிருந்தன. நூற்றுக்கு நாலுக்கு மேல் திரும்பியிருக்கிறது என்று கணக்கு. மணலி, சாத்தங்காடு, மாதவரம் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கமாக நேரும் கோளாறுகளை ஒரே பட்டறையின் மேல் வைத்து எழுதிய மாதிரி நிகழ்வு இது. டயர் எண்ணிக்கைகளும் அந்த மாதிரிக்குரியவை. வெப்பம், ஈரம், காற்றழுத்தம் பற்றி வரும் கணக்குகள் எந்தப் பட்டறைக்கும் பொருந்தும்.

டயர் திரும்பியதும் டிரெய்லர்காரர்கள் சொன்னது ஒரே பேச்சு: "அண்ணே, ரப்பர் டூப்ளிகேட்டு. நல்ல கம்பெனி பட்டனா போடுங்கன்னு சொன்னா கேக்க மாட்றீங்க." பட்டறை மேஸ்திரியின் பதிலும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "ரப்பர்ல ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க ஓவர்லோடு ஏத்தி அந்தக் குழியில வளைச்சு அடிக்கிறீங்க." இரண்டு பேர் சொன்னதிலும் டயர் கழன்றதற்கான காரணம் இல்லை.

இரண்டு முறை தயாராகும் பொருள்

வடசென்னைக்கு இந்தத் தொழில் புதிதல்ல. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் அந்த நிறுவனம் (எம்.ஆர்.எஃப்.) டிரெட் ரப்பர், அதாவது பட்டன் ரப்பர், உற்பத்திக்கு வந்தது. டயர் செய்யும் முன்பே, தேய்ந்த டயருக்கு மறுபட்டன் போடும் ரப்பரைத்தான் எம்.ஆர்.எஃப். செய்தது. டயர் செய்ய அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டு 1961-இல் அமைந்தது. 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன லாரித் தொழிற்சாலை எண்ணூரில் இருக்கிறது. சாணைக்கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இல் தொடங்கியது, அதன் ஆலையும் திருவொற்றியூரில். லாரி, அதற்கு டயர், அந்த டயரைத் தேய்க்கும் கல் எல்லாம் இந்தக் கடலோரப் பட்டையிலேயே உருவானவை. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்த பிறகு லாரிகளும், அவற்றை நம்பிய டயர்க் கடைகளும் இன்னும் பெருகின.

லாரி டயர் ஒன்று இரண்டு முறை தயாராகிறது. முதல் தயாரிப்பு பெரிய ஆலையில், ஆய்வுக்கூடத்தோடும் பதிவேட்டோடும் நடக்கிறது. இரண்டாவது தயாரிப்பு தகரக் கூரைப் பட்டறையில், மேஸ்திரியின் கைப்பக்குவத்தில் நடக்கிறது. ஆனால் சாலையில் இரண்டும் ஒரே சுமையைத்தான் தாங்கியாக வேண்டும். ரீட்ரெடிங் பட்டறையைப் பழுதுபார்க்கும் கடையாக நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. அங்கே நடப்பது வேதிவினை, அதாவது உற்பத்தி.

இந்தப் பட்டறையில் நடப்பது 'கோல்ட் பிராசஸ்'. பட்டன் பட்டை ஏற்கெனவே ஆலையில் வெந்து, கோலம் பதிந்து, சுருளாக வருகிறது. அதன் அடிப்பகுதியும் கேசிங்கும் வெந்த ரப்பர். இரண்டையும் இணைப்பது நடுவில் வைக்கும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வேகாத ரப்பர்த் தாள். பட்டறையில் அதற்குக் குஷன் கம் என்று பெயர். ஜெர்மனியில் நோவாக் உருவாக்கிய முறை இது. 1957-இல் ராய் கார்வர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் பேண்டாக் என்ற பெயரில் பரப்பினார். பெயர்தான் கோல்ட், 100 டிகிரியில் நான்கு மணி நேரம் வேக வேண்டும். அச்சில் வைத்து 150 டிகிரி வாக்கில் வேகவைக்கும் பழைய 'ஹாட்' முறையை விடச் சூடு குறைவு என்பதால் கேசிங் நூலுக்குச் சேதம் குறையும். சூடு குறைவு என்பதே இதன் பலவீனமும்கூட. அச்சு முறையில் மூடி மறைந்துவிடும் சிறு தவறுகள் இங்கே மன்னிக்கப்படாது.

பிரிந்த முகத்தை வாசித்தல்

திரும்பிய டயரை முதலில் கழுவக் கூடாது. பிரிந்த இடத்தின் இரு முகங்களையும் காய்ந்த நிலையில், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அந்த முகம்தான் சாட்சி.

பிடிப்பு நன்றாக இருந்து, சுமை தாங்காமல் பிரிந்த ரப்பர் கரடுமுரடாகக் கிழிந்திருக்கும். ஒரு பக்கத்து ரப்பர் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மேஸ்திரி சொன்ன ஓவர்லோடு காரணம் என்றால் இப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். 9 டயரில் ஒன்றில்கூட அப்படி இல்லை.

5 டயர்களில் குஷன் கம், பட்டன் பக்கம் உறுதியாக ஒட்டியிருந்தது. கேசிங்கிலிருந்து மட்டும் பிரிந்திருந்தது. கம்மின் அடிமுகம் பளபளவென்று இருந்தது. கூர்ந்து பார்த்தால் பஃபிங் செய்த (பழைய பட்டனைச் சீவி எடுத்த) கேசிங்கின் வரிகள் அதில் கைரேகைபோல் அப்படியே பதிந்திருந்தன. அச்சு விழுந்திருக்கிறது, எனவே அழுத்தம் இருந்திருக்கிறது. கம்மும் நன்றாக வெந்திருக்கிறது. ஆனால் கிழிசல் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு படலம் இருந்து தொடவிடாமல் செய்திருக்கிறது. சில இடங்களில் சொல்யூஷன் (கம்மை ஒட்டுமுன் அடிக்கும் ரப்பர்க் கரைசல்) வெள்ளை பூத்த திட்டுகளும் தெரிந்தன.

2 டயர்களில் கம் பன்ரொட்டிபோல் நுண்துளை விட்டிருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் நின்றது. ஒரு துண்டை வெட்டிப் பெட்ரோலில் ஊறப்போட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். வெந்த கம் ஓரளவு ஊதி அதோடு நிற்கும். வேகாதது கொழகொழவென்று ஊதி விரலில் பிசுபிசுக்கும். அந்த இரண்டும் பிசுபிசுத்தன.

ஒரு டயரில் ஜாயிண்ட், அதாவது பட்டையின் இரு முனைகள் சேரும் இடம், திறந்து அங்கிருந்து முழுப் பட்டையும் உரிந்திருந்தது. கடைசி டயரில் பட்டனுக்கும் குற்றமில்லை, கம்முக்கும் குற்றமில்லை. கேசிங்குக்குள் கம்பிப் படுகை துருவேறி, அந்தத் துருவோடு பிரிந்திருந்தது.

ஆக 9 டயர், நான்கு காரணம். எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு ரப்பர் கம்பெனிக்குப் புகார் எழுதியிருந்தால் நான்கும் மறைந்தே போயிருக்கும்.

ரப்பர் மேல் வைத்த பழி எளிதில் பொய்யானது. பட்டன் சுருளிலும் குஷன் கம் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் தேதியும் இருக்கும். 5 பளபளப்பு டயர்களுக்குப் போட்ட சுருள்களிலிருந்தே வெட்டிய வேறு டயர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே சுருளில் ஒரு பட்டை கழன்று மற்றவை நின்றால் சுருளைக் குறை சொல்ல முடியாது. சாலைக்கும் லோடுக்கும் உள்ள பங்கு வேறு. கழன்றவற்றில் ஏழு, டிரெய்லரின் முதல் அல்லது கடைசி ஆக்ஸிலில் இருந்தவை. மூன்று ஆக்ஸில் டிரெய்லர் யார்டு வாசலில் சட்டென்று வளையும்போது நடு ஆக்ஸில் சுழல்மையம்போல் நிற்க, முன்னதும் பின்னதும் பக்கவாட்டில் இழுபடும். நின்ற இடத்தில் தார்மேல் கறுப்பு வில் விழுவது அதனால்தான். பிடிப்பு இல்லாத டயரை அந்த இழுப்பு இருபது நாளில் காட்டிக்கொடுத்தது. நேர்ச்சாலையில் ஓடியிருந்தால் நான்கு மாதம் கழித்துக் கழன்றிருக்கும்.

மாலை ஆறு மணிக்கு நடந்தது

பளபளப்பு டயர்களைத் தேடிப் போனபோது முதல் தடை, பதிவேடு இல்லாதது. பில் புத்தகத்தில் தேதி உண்டு, நேரம் இல்லை. கைகொடுத்தது வாட்ஸ்அப். பஃபிங் முடிந்ததும் கேசிங்கைப் படமெடுத்து வண்டிக்காரருக்கு அனுப்புவது பட்டறை வழக்கம். அந்தப் படங்களின் நேரத்தையும், சேம்பரைப் போட்ட நேரம் குறித்த நோட்டையும் பக்கத்தில் வைத்தபோது வேலை ஓட்டம் புலப்பட்டது.

காலையில் வேன் போய் கேசிங் சேகரித்து வரும். வந்தவை வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். மதியம் பார்வையிடல்: ஸ்பிரெடரில் விரித்து விளக்கு வைத்து உள்ளே தடவிப் பார்ப்பது. பிறகு பஃபிங். கேசிங்கில் 1 முதல் 1.5 பார் காற்று ஏற்றி, பல் வைத்த உருளை பழைய பட்டனைச் சீவி எடுக்கும். மேல் கம்பிப் படுகைக்கு மேலே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ரப்பர் மிச்சம் இருக்கும்படி நிறுத்த வேண்டும். பல் மழுங்கியிருந்தால் ரப்பர் கருகி நீலப்புகை வரும். கருகிய முகத்தில் எதுவும் ஒட்டாது. பிசுபிசுப்பாகத் தெரிவதைப் பார்த்து 'நல்ல ஒட்டு' என்று ஏமாறுவோரும் உண்டு. அந்தத் தவறு இந்தப் பட்டறையில் இல்லை. வரிகள் சீராக, வெல்வெட் துணிபோல் இருந்தன.

பத்து டயரையும் பஃபிங் செய்து முடிக்க மாலை நாலு, நாலரை ஆகும். டீ. பிறகு ஆணித்துளை, வெட்டுக்காயங்களைச் சாணைக்கல்லால் திறந்து சுத்தம் செய்வது. கம்பி தெரியும் இடத்தில் கால் மணி நேரத்துக்குள் சொல்யூஷன் தடவிவிட வேண்டும், தாமதித்தால் துரு தொடங்கிவிடும். அதைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் முழு முகத்துக்கும் சொல்யூஷனை ஸ்பிரே அடிப்பது மாலை ஆறுக்கு மேல். கம் ஒட்டி, பட்டன் சுற்றி, ரோலர் போட்டு, என்வலப் என்ற ரப்பர் உறை மாட்டி, இரவு ஒன்பதுக்கு சேம்பர்.

பஃபிங் முடிந்த கேசிங்கின் மேல்முகம் கையில் இதமான சூடாக இருக்கும். ஸ்பிரே அடிக்கும் நேரத்தில் அது காற்றின் குளிருக்கு இறங்கிவிடுகிறது. இடையில் போனது இரண்டு முதல் ஐந்து மணி நேரம். 5 டயரும் மழை பெய்த நாட்களில் இந்த ஓட்டத்தில் போனவை.

சொல்யூஷன் என்பது ரப்பர் கரைந்த, பெட்ரோல் போன்ற ஒரு கரைப்பான். அடித்ததும் கரைப்பான் ஆவியாகிறது, ஆவியாகும்போது முகத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கையில் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்கிறதே, அதே காரியம். முகம் ஐந்தாறு டிகிரி இறங்குவது சாதாரணம். காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குமோ அதற்குப் பனிநிலை என்று பெயர். சித்திரை மாத நண்பகல்: காற்று 36 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம், பனிநிலை சுமார் 24. நடுவில் 12 டிகிரி இடைவெளி இருக்கிறது. ஆறு டிகிரி இறங்கினாலும் ஆபத்தில்லை. மழை நாள் மாலை: காற்று 27, ஈரப்பதம் 92, பனிநிலை 25.6. இடைவெளி ஒன்றரை டிகிரிகூட இல்லை. இங்கே ஐந்தாறு டிகிரி இறங்கினால் குளிர்ந்த சோடா பாட்டிலில் வியர்ப்பதுபோல் சொல்யூஷன் மேலேயே நீர் படியும். கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் ஈரமான சொல்யூஷனே பளபளப்பாகத்தான் இருக்கும். கரைப்பான் போய்விட்டதா என்று புறங்கை விரலால் தொட்டுப் பார்த்து "காஞ்சிடுச்சு" என்று கம்மை ஒட்டிவிடுகிறார்கள். அடியில் நீர்ப்படலம் சிறைப்படுகிறது.

இதே பட்டறை, இதே ஆட்கள், இதே சொல்யூஷன், கோடையில் ஒரு டயர்கூட இப்படித் திரும்பவில்லை. அதனாலேயே யாரும் சந்தேகப்படவில்லை. வேலை முறை மாறவில்லை, காற்று மாறிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: மழைநாளில் சீக்கிரம் காயட்டும் என்று ஸ்பிரே அறையில் கம்பிச்சுருள் ஹீட்டரோ, ஹாலஜன் விளக்கோ வைப்பவர்கள் இருக்கிறார்கள். கரைப்பான் ஆவி தரையோடு தவழும், சுவிட்ச் பொறிகூடப் போதும் பற்றிக்கொள்ள. பஃபிங் தூளும் தீப்பிடிக்கும் பொருள்தான். அந்த அறையில் ஒரு பையன் நிற்கிறான் என்பதை மறந்து யாரும் ஹீட்டர் வாங்கக் கூடாது.

காற்றுக் குழாயிலும் தண்ணீர்

இன்னொரு வழியாகவும் ஈரம் வந்துகொண்டிருந்தது. ஸ்பிரே துப்பாக்கியிலிருந்து வெறும் காற்றை ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி மேல் அரை நிமிடம் அடித்தபோது பொட்டுப் பொட்டாக நீர்த்துளி விழுந்தது. கம்ப்ரஸர் டேங்கின் அடித்திருகைத் திறந்தபோது பக்கெட் பாதி நிரம்பும் அளவுக்குத் துருத்தண்ணீர்.

28 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். அதை 7 பாருக்கு அழுத்தி டேங்கில் 40 டிகிரியில் வைத்தால் காற்றால் தாங்க முடிவது ஆறேழு கிராம்தான். மீதி 17, 18 கிராம் தண்ணீராக விழும். மணிக்குப் பத்து கன மீட்டர் இழுக்கும் கம்ப்ரஸர் என்றால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர். காலையில் ஒரு தடவை திறந்துவிடுவது கோடைக்குச் சரி, மழைக்காலத்துக்குப் போதாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திறக்க வேண்டும். ஸ்பிரே குழாய், டேங்கின் மேல்பக்கத்திலிருந்து பிரிந்து, சற்று உயர ஓடி, துப்பாக்கிக்குப் பக்கத்தில் நீர் பிடிக்கும் வடிகட்டி வழியாக இறங்க வேண்டும். வடிகட்டியைக் கம்ப்ரஸருக்கு ஒட்டியே வைத்தால் பயன் குறைவு. அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும், அது குழாயில் குளிர்ந்த பிறகுதான் நீர் பிரியும்.

கதவுப் பக்கத்து இரண்டு டயர்கள்

பன்ரொட்டிபோல் கம் இருந்த இரண்டும் வெவ்வேறு நாளில் வெந்தவை, ஆனால் இரண்டுமே சேம்பரின் கதவோரத்தில் தொங்கியவை. மேஸ்திரிக்கு அது நினைவிருந்ததற்குக் காரணம், இரண்டும் கடைசியாக வந்து சேர்ந்த அவசர டயர்கள்.

சேம்பர் போர்டில் 100 டிகிரி காட்டியது. அந்த உணரி பின்சுவரில், ஹீட்டருக்கு மேலே இருந்தது. கதவோரம் தரைக்குச் சற்று மேலே ஒரு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி உணரி) வைத்துப் பார்த்தால் 92. மூன்று பேஸ் ஹீட்டரில் ஒரு தொகுதி எரிந்து போயிருந்தது. கதவு கேஸ்கெட்டில் மெல்லிய கசிவும் இருந்தது. போன காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் தொடர்ந்து குளிர்காற்றை உள்ளே தள்ளியது.

எட்டு டிகிரி பெரிய விஷயமா என்று கேட்கலாம். ரப்பர் வேகும் வேகம் பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் பிடிக்கும் கணக்கு. எட்டு டிகிரி குறைந்தால் வேகம் 57 சதவீதம். 100 டிகிரியில் நான்கு மணி நேரம் கேட்கும் கம், 92-இல் ஏழு மணி நேரம் கேட்கும். கொடுத்தது நான்கு. அதுவும் போர்டு 100 காட்டிய நொடியிலிருந்து எண்ணியது. கதவோரத்து டயர் தன் 92-ஐத் தொடவே பின்சுவர்ப் பக்கத்தை விட நாற்பது நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டது.

அழுத்தத்தையும் அதே நாளில் பார்த்தார்கள். சேம்பருக்குள் 6 பார் வாக்கில் காற்று இருக்கும். டயரைச் சுற்றிய ரப்பர் என்வலப்புக்குள் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் பட்டனைக் கேசிங்கோடு அழுத்துகிறது. என்வலப்பில் ஊசித்துளை இருந்தாலும் இரண்டும் சமமாகிவிடும், பட்டன் சும்மா உட்கார்ந்திருக்கும். இங்கே என்வலப்கள் சரியாக இருந்தன. பளபளப்பு டயர்களில் அச்சு ஆழமாகப் பதிந்திருந்ததும் அதைத்தான் சொன்னது.

ஜாயிண்ட் திறந்த டயரின் கதை குறுகியது. பஃபிங் செய்த கேசிங்கின் சுற்றளவு 3.1 மீட்டர் சொச்சம். பட்டையை 12 மில்லிமீட்டர் குறைத்து வெட்டிவிட்டு, வீணாக்க மனமில்லாமல் இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். இழுத்த ரப்பர் தன் நீளத்துக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கூட்டி வெட்டி, முனைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும்படி வைக்க வேண்டும். குறைவாக வெட்டிய பட்டையை அதைவிடச் சிறிய கேசிங்குக்கு எடுத்துவைத்தால் வீணும் ஆகாது.

துருவேறிய கேசிங்கைச் சேர்த்திருக்கவே கூடாது. பழைய ஆணித்துளைக்கு உள்பக்கம் பேட்ச் இல்லை. மழைநீர் கம்பிவரை இறங்கியிருக்கிறது. பட்டன் மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே கழற்றியிருந்தால் துளை இவ்வளவு ஆழம் போயிருக்காது. பார்வையிட்டவருக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. "இன்னும் ஒரு ஓட்டுக்குத் தாங்கும், போட்டுக் குடுங்கண்ணே" என்று வண்டிக்காரர் கேட்டதால் போட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் பார்வையிடுபவருக்கே இருக்க வேண்டும், கல்லாவில் இருப்பவருக்கு இருந்தால் இப்படித்தான் முடியும்.

மாற்றியவை

பெரிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. முக்கிய மாற்றம் வேலையின் வரிசையில். கேசிங்குகள் வந்த நாளே பஃபிங்குக்குப் போவதில்லை. சேம்பருக்குப் பின்னால் பிளைவுட் அடைத்து ஒரு சூட்டறை கட்டினார்கள். சேம்பர் சுவரின் வீண்சூடும் ஒரு சிறு மின்விசிறியும் சேர்ந்து அதை 45 டிகிரியில் வைக்கின்றன. ஸ்பிரே அறையிலிருந்து அது தள்ளி இருக்கிறது. கேசிங் இரவு முழுக்க அங்கே காய்கிறது. காலை எட்டுக்குப் பஃபிங். ஒவ்வொன்றும் முடிந்த கையோடு, 40 டிகிரிச் சூடு இருக்கும்போதே ஸ்பிரே. 40-லிருந்து எட்டு டிகிரி இறங்கினாலும் 32. மழை நாளின் பனிநிலையான 25, 26-க்கு மேலேதான் நிற்கிறது. பத்தையும் பஃபிங் செய்துவிட்டுப் பத்துக்கும் ஸ்பிரே என்ற பழக்கம் போய், ஒன்றொன்றாக நகர்கிறது. சேம்பர் மதியம் இரண்டுக்கு.

ஸ்பிரே அறையில் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானி ஒன்று மாட்டியிருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 3 டிகிரிக்குக் கீழே போனால் சூட்டறையில் இருந்து வந்த கேசிங்குக்கு மட்டும்தான் ஸ்பிரே, ஆறிய கேசிங்குக்குக் கிடையாது. ஈரக்குமிழின் திரித்துணியை வாரம் ஒரு தடவை மாற்றாவிட்டால் உப்புப் படிந்து தவறாகக் காட்டும். கடல் பக்கம் என்பதால் சீக்கிரமே படிகிறது.

சேம்பரில் மூன்று தெர்மோகப்பிள்கள்: பின்சுவர், நடு, கதவின் கீழ்ப்பகுதி. நேரம் எண்ணுவது குளிர்ந்த முனை 99-ஐத் தொட்ட பிறகு. ஒவ்வொரு கேசிங்கிலும் ஒரு அட்டை கட்டப்படுகிறது. பஃபிங், ஸ்பிரே, கம், சேம்பர் என்று நான்கு நேரம், சுருளின் பேட்ச் எண், சேம்பரில் எத்தனையாவது கொக்கி. எழுத இரண்டு நிமிடம். முதல் வாரம் முணுமுணுத்த பையன்கள்தான், யார் அடித்த ஸ்பிரே என்ற வீண்சண்டை நின்றதும் அட்டையை விடாமல் எழுதுகிறார்கள்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. முன்பு இன்று கொடுத்தால் நாளை காலை டயர் கிடைத்தது. இப்போது நாளை மாலை. யார்டில் நிற்கும் டிரெய்லருக்கு அந்த அரை நாள் ஒரு நடை வருமானம். மாற்று டயர் கொடுத்து அனுப்பலாம் என்று பட்டறை சில தயார் டயர்களை வைத்துப் பார்த்தது. ஆனால் முதலாளிகளுக்குத் தங்கள் கேசிங் மேல் பிடிப்பு அதிகம். எந்தக் கம்பெனி, எத்தனை ரீட்ரெட் ஆனது என்று தெரியாத டயரை நிரந்தரமாக வாங்கிக்கொள்ள மாட்டார்கள், அது நியாயமும்கூட. இரண்டு நாளுக்கு மட்டும் இரவல், பிறகு அவரவர் டயர் அவரவருக்கு என்ற ஏற்பாட்டுக்குச் சிலர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள்.

மாற்றத்துக்குப் பிறகு வந்த ஒரே கோளாறு வேறு வகை. நைலான் கேசிங் ஒன்று சேம்பரைத் திறந்ததும் ஷோல்டரில் (பட்டனின் ஓரப் பகுதியில்) கொப்புளம் விட்டது. கம்பி கேசிங்கைப் போலல்லாமல் நைலான் நூல், தன் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கோ அதற்கு மேலோ காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். சேம்பருக்குள் அழுத்தம் இருக்கும்வரை அந்த நீர் 100 டிகிரியில் கொதிக்காது. நேரம் முடிந்ததும் சூட்டோடு சூடாகக் காற்றைத் திறந்துவிட்டால் அந்த நொடியில் நீராவியாகி ரப்பரைத் தூக்கும். இப்போது நைலான் கேசிங்குக்குச் சூட்டறையில் இரண்டு இரவு. ஹீட்டரை நிறுத்தி, விசிறி மட்டும் ஓடவிட்டு, கதவோரத் தெர்மோகப்பிள் 70-க்கு இறங்கிய பிறகே அழுத்தத்தைக் குறைக்கிறார்கள், அதையும் கால் மணி நேரம் எடுத்து மெதுவாக.